சொந்த வசதி

கையேட்டில் ஒரே ஒரு வரி பழையதாக இருந்துவிட்டது. அதனால் ஒரு பெண்ணுக்கு, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நோய்க்கு ஊசி போட்டார்கள்.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து விற்கும் நிறுவனம் அது. ரத்தக் குப்பி உள்ளே வருவதிலிருந்து முடிவு அச்சாகி வெளியே போகும்வரை எல்லாம் அந்த மென்பொருளில்தான் நடக்கும். குப்பியில் ஒட்டிய லேபிள் கிழிந்துவிட்டால் இன்னொன்று அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் புதிய பதிப்பில், அப்படி அச்சடிக்கும் முன் பழைய லேபிளை ரத்து செய்தாக வேண்டும். கையேட்டில் அதைத் திருத்தித்தான் இருந்தார்கள். சிக்கல் என்னவென்றால் கையேடு ஒன்றல்ல. பெரிய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் முத்திரையோடு, அவரவர் கேட்ட சின்னச் சின்ன மாற்றங்களோடு, தனித்தனி டாக்குமென்ட். மற்ற எல்லாவற்றிலும் திருத்தம் ஏறியிருந்தது. ஒன்றில் மட்டும் ஏறவில்லை. அந்த ஒன்றை வைத்திருந்த கூடத்தில் இரண்டு பேருடைய முடிவுகள் இடம் மாறிப் போயின.

"நல்லவேளை, அந்த அம்மா பொழச்சுக்கிட்டாங்க," என்றார் மேனேஜர். அன்று காலையில் அந்த 'நல்லவேளை'யை அவர் நாலைந்து தடவை சொல்லிவிட்டார்.

அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். கையேடு எழுதுவதற்கென்று அங்கே இருந்ததே அந்த இரண்டு பேர்தான். ஒருத்தியை எல்லோரும் கமா என்று கூப்பிட்டார்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு காற்புள்ளிக்காக ஒரு புரோகிராமரோடு மதியம் முழுக்க மல்லுக்கட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர். இன்னொருவர் டேபிள். எதை எழுதக் கொடுத்தாலும் நாலு கட்டம் போட்டு அதற்குள் அடைத்துவிடுவார். வீட்டுக்குச் சாமான் வாங்கும் பட்டியலுக்குக்கூடத் தலைப்பு வரிசை வைப்பார் என்று கேலி பேசுவார்கள். இருவருக்கும் ஐம்பதை எட்டிப்பார்க்கும் வயது. ஒரே தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவர்களுடைய பாதி ஆயுள் போயிருந்தது.

"யார் தப்புன்னு நான் கேக்கப் போறதில்ல," என்றார் மேனேஜர். அந்தப் பேச்சிலேயே அவர் கேட்டுவிட்டது தெரிந்தது. "இனிமே இப்படி நடக்கக் கூடாது. கையேட்ட எதுல எழுதறது, எந்த வடிவத்துல வைக்கறது, எந்தக் கருவி வாங்கறது, எல்லாத்தையும் அடியிலேர்ந்து பாருங்க. கமா, நீங்க எடுத்து நடத்துங்க. டேபிள் சார் கூட இருக்கட்டும். மாசக் கடைசியில உக்காந்து முடிவு பண்ணிடலாம்."

வெளியே வரும்போது கமா கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள்.

"பாத்து," என்றார் டேபிள்.

"பாத்துதான் வந்தேன்," என்றாள் அவள். அது உண்மை. கதவைப் பார்த்துத்தான் வந்தாள். கதவின் நடுவை.

அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. காகிதத்தைச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. எதிரே இருப்பவரின் மூக்கு தெரியும், அவர் நீட்டும் கை தெரியாது. திரையில் ஒரு வரி தெரியும், அதற்கு நாலு வரி கீழே என்ன இருக்கிறது என்றால் தேட வேண்டும். பரம்பரை வியாதி. அவளுடைய அப்பா கடைசிக் காலத்தில் படுக்கையிலிருந்து குளியலறைவரை சுவரைத் தடவித் தடவிப் போவார். அவர் கை பட்ட உயரத்தில் சுண்ணாம்பு அழுக்கேறிக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அவர் போன பிறகு அந்தச் சுவருக்கு அவள்தான் நின்று வெள்ளையடிக்க வைத்தாள்.

கண் டாக்டர் நல்ல மனுஷி, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "நடுவுல இருக்கற பார்வை இன்னும் கொஞ்ச காலம் ஓடும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. பழக வேண்டியத இப்பவே பழகிக்குங்க," என்று சொல்லி அனுப்பினார்.

அலுவலகத்தில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் லிஃப்ட் மெக்கானிக். தினமும் ஏதாவது ஒரு கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் இறங்கி ஏறுகிறவர். அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பழக ஆரம்பித்தபோது அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பழகப் பழக அந்தக் குரலை அவள் வேகமாக்கிக்கொண்டே போனாள்.

"இவனுக்கு என்ன, பஸ்ஸு போயிடப் போவுதா? ஒரு வார்த்தகூடப் புரியல," என்றார் அவர்.

"எனக்குப் புரியுதே."

"உனக்குப் புரியும். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்றவ ஆச்சே நீ."

அவள் சிரித்தாள்.

மேனேஜர் சொன்ன மறுநாளிலிருந்து அவள் கருவிகளை எடுத்துப் போட்டு உருட்டிப் பார்க்கத் தொடங்கினாள். கடைசியில் மூன்று வழிகள் தேறின. ஒன்று, இப்போது இருக்கும் டாக்குமென்ட்களையே வைத்துக்கொண்டு பெயர் வைப்பதிலும் பிரதி எடுப்பதிலும் கறாரான ஒழுங்கு கொண்டுவருவது. 'இறுதி', 'இறுதி புதியது', 'இதுதான் இறுதி' என்று பெயர் வைத்துப் பழகிய கைகளுக்கு ஒழுங்கு எவ்வளவு நாள் தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது, அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள். தலைப்பு என்றால் வரி முன்னால் ஒரு குறி, பட்டியல் என்றால் ஒரு கோடு, அவ்வளவுதான். புரோகிராமர்கள் தங்கள் நிரலை வைத்திருக்கும் அதே இடத்தில் இவையும் இருக்கும். யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும். பொதுவான வரி ஓரிடத்தில்தான் இருக்கும். அங்கே மாற்றினால் எல்லா வாடிக்கையாளர் கையேட்டிலும் மாறும். ஒரே மூலத்திலிருந்து அச்சுக்கும் போகலாம், இணையப் பக்கமாகவும் போகலாம். மூன்றாவது, சந்தா கட்டி வாங்கும் இணைய எடிட்டர். பார்க்க அவ்வளவு லட்சணம். படத்தை இழுத்துப் போடலாம், நிறம் மாற்றலாம், எழுதும்போதே பக்கம் எப்படி வரும் என்று தெரியும்.

டேபிளுக்கு மூன்றாவதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. "கட்டம் போடறதுக்கு என்ன அழகா வச்சிருக்கான் பாருங்க! அதுவுமில்லாம, நம்ம எழுதறத சரிபாக்கறது பரிசோதனைக் கூடத்து டாக்டருங்க. அவங்ககிட்ட குறியும் கோடுமா ஒரு ஃபைல நீட்டினா மூஞ்சி சுளிப்பாங்க."

அது நியாயமான பேச்சு. கமா அதைத் தன் அறிக்கையில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்றையும் அவள் ஒரே மாதிரிதான் சோதித்தாள். பழைய லேபிள் பக்கத்தை எடுத்து மூன்றிலும் ஏற்றி, ஒரு வரியைத் திருத்தி, எல்லாப் பிரதிகளிலும் அது மாறுகிறதா என்று பார்த்தாள். இணைய எடிட்டரில் வாடிக்கையாளருக்கு ஒரு பிரதி வேண்டுமென்றால் 'நகலெடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் முழுக் கையேடும் இரண்டாகிவிடும். அதன் பிறகு அது தனி, இது தனி. எந்த நோய்க்கு மருந்து தேடினார்களோ அந்த நோயையே பொத்தானாகச் செய்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் அவள் இன்னொரு சோதனையும் செய்தாள். திரையை அணைத்துவிட்டு, காதில் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, அதே பக்கத்தை மூன்றிலும் திறந்தாள். டாக்குமென்ட்டைக் குரல் தட்டுத்தடுமாறி வாசித்தது. இணைய எடிட்டரில் அது, "பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான். பெயரில்லாத பொத்தான்," என்று சொல்லிக்கொண்டே போயிற்று. எழுதும் இடம் எது என்பதையே அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, தலைப்பு தலைப்பாக, படி படியாக, குரல் வாசித்துக்கொண்டே போனது. ஒரு காற்புள்ளி தவறான இடத்தில் இருந்தது. அது காதிலேயே தட்டுப்பட்டது. அவள் திருத்தினாள். பார்க்காமல் திருத்தினாள்.

கணவர் உள்ளே வந்தபோது அவள் இருட்டுத் திரையின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. என்னால வேல செய்ய முடியும் போலிருக்கு."

அந்தச் சந்தோஷம் அடுத்த நாளே கசந்தது. டெக்ஸ்ட் ஃபைல்தான் சிறந்தது என்று அவள் எழுதியது, அது சிறந்தது என்பதாலா, தனக்கு அதுதான் வழி என்பதாலா? எழுதியதையெல்லாம் திரும்பவும் எடுத்தாள். தன் சோதனைகளை ஒரு புரோகிராமரிடம் கொடுத்து, தன் விடைகளைக் காட்டாமல், அவரையும் தனியாகச் செய்து பார்க்கச் சொன்னாள். அவர் அதிகம் பேசாதவர். இரண்டு நாள் கழித்து வந்து, "டெக்ஸ்ட் ஃபைல்தாங்க. வேற யோசனையே வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் அறிக்கையில் அந்த ஒரு சோதனையை அவள் சேர்க்கவில்லை. குரல் வழியாக வாசிக்க முடிகிறதா, எழுத முடிகிறதா என்ற சோதனையை.

"அதையும் எழுதேன். அதுவும் ஒரு காரணம்தானே?" என்றார் கணவர். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையில் கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை.

"எழுதினா, இது எதுக்குன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு."

"சொன்னா அப்புறம் அறிக்கையப் படிக்க மாட்டாங்க. என்னத்தான் படிப்பாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மறைச்சு வச்சு, அப்புறம் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

தெரிய அதிக நாள் ஆகவில்லை. கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம், கூட்ட அறையில் படம் காட்டும் கருவியைச் சரிபார்க்க டேபிளும் அவளும் போயிருந்தார்கள். அவர் விளக்கை அணைத்தார். அவளுக்கு அறையே இல்லாமல் போயிற்று. சுவரில் ஒரு வெளிச்சக் கட்டம் மட்டும் மிதந்தது. டேபிள் ஏதோ நீட்டி, "இந்தாங்க, இத அந்தப் பக்கம் சொருகுங்க," என்றார். அவள் கையை நீட்டினாள். கை காற்றில் போயிற்று. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து தேடியபோது நாற்காலியின் கைப்பிடியில் நெற்றி மோதியது.

அவர் விளக்கைப் போட்டார். அவளைப் பார்த்தார். பாட்டில் அவள் காலடியிலேயே கிடந்தது. அவள் வேறு பக்கம் துழாவிக்கொண்டிருந்தாள்.

"கமா," என்றார் மெதுவாக. "எவ்வளவு நாளா?"

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவைச் சொன்னாள். டாக்டரைச் சொன்னாள். வீட்டில் திரையை அணைத்துவிட்டுச் செய்த சோதனையையும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கூட்டம் முடியற வரைக்குமாவது."

"சேச்சே. என்ன கமா நீங்க," என்றார் அவர். கீழே கிடந்த பாட்டிலை எடுத்து, துடைத்து, அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அந்தச் செய்கை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. மேனேஜர், அவருக்கு மேலே இருக்கும் ஒரு அம்மாள், அந்தப் புரோகிராமர், டேபிள், அவள். விளக்கை அணைக்க வேண்டாம் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். பேசவேண்டியதை மனப்பாடமாக வைத்திருந்ததால் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. லேபிள் வரி ஏன் ஒரு பிரதியில் விட்டுப்போனது, எந்த வடிவத்தில் வைத்தால் விட்டுப்போக வழியே இல்லை, கருவி விற்பவன் நாளைக்குக் கடையைக் கட்டினால் நம் எழுத்தை எதிலிருந்து முழுசாக வெளியே எடுக்கலாம், டாக்டர்களுக்குக் காட்ட எப்படி அழகான பக்கமாகத் தனியே எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேலே இருக்கும் அம்மாள் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் புரோகிராமரே பதில் சொல்லிவிட்டார். அறையில் ஒரு சாய்வு வந்துவிட்டது. அது தன் பக்கம் என்பதை அவள் உணர்ந்தாள்.

அப்போது மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க கமா. நீங்க சொன்ன இந்தத் தேர்வுல உங்க சொந்த வசதின்னு எதுவும் இல்லயே?"

அவர் கனிவாகத்தான் கேட்டார். அந்தக் கனிவிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. டேபிள் எங்கே என்று பார்க்க முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினாள். அவர் தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கு சார்," என்றாள்.

அவள் தன் அறிக்கையை மூடி வைத்தாள்.

"எனக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு. அந்த இணைய எடிட்டர்ல என்னால ரொம்ப நாள் வேல பாக்க முடியாது. டெக்ஸ்ட் ஃபைல்ல முடியும். அது நெசம். ஆனா நான் இப்ப சொன்னதெல்லாமும் நெசம் சார்."

"நான் பொய்யின்னு சொல்லல."

"அவங்க காரணம் எதுவா இருந்தா என்ன சார்?" என்றார் புரோகிராமர். "நானும் தனியா சோதிச்சேன். சரிதானே?"

"சரியா இருக்கலாம்," என்றார் மேனேஜர். அவர் அறிக்கையைப் புரட்டினார். "ஆனா இந்தக் காரணம் இதுல எங்கயும் இல்லயே. இவ்வளவு முக்கியமான ஒண்ண ஏன் எழுதல? இத விட்டவங்க வேற எத விட்டாங்களோன்னு நாளைக்கு யாராவது கேட்டா, நான் என்ன பதில் சொல்றது? ஏற்கனவே ஒரு தடவ மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கோம்."

அறையில் இருந்த எல்லோரிலும் அவளுக்குத்தான் அது நன்றாகப் புரிந்தது. கையேட்டில் ஒரு படி விட்டுப்போனால் மீதிப் படிகளை யார் நம்புவார்கள்? அந்தச் சோதனையை எழுதியிருந்தால் அதுவும் ஒரு அளவுகோலாக இருந்திருக்கும். எழுதாததால் அது களவாகிப் போயிற்று.

"நம்ம வாடிக்கையாளர்கள்ல கண்ணு தெரியாதவங்க யாரும் இல்லயே," என்றார் மேலே இருக்கும் அம்மாள், யாரிடம் என்றில்லாமல்.

"இருக்காங்களா இல்லயான்னு நாம கேட்டதே இல்ல மேடம்," என்றாள் கமா. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அந்த வாரக் கடைசியில் இணைய எடிட்டருக்குச் சந்தா கட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை டேபிள் அவள் மேஜைக்கு வந்து நின்றார். "உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன் கமா. வெளிய தெரிஞ்சாத்தான உதவி பண்ணுவாங்க? நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

"சரிங்க," என்றாள் அவள். அன்றிலிருந்து தடுப்புப் பலகைக்கு மேலே பேச்சு போகவில்லை. தேவையான விஷயங்களை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டார்கள், இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

பழைய கையேடுகளை எடிட்டருக்குள் கொண்டுபோகும் வேலை மாதக் கணக்கில் நடந்தது. அவளால் முடிந்தவரை செய்தாள். திரையைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கினால் பொத்தான்கள் ஓரத்துக்குப் போய்விடும், ஓரத்துக்குப் போனால் அவளுக்கு இல்லை. ஒரு பக்கத்தை முடிக்கப் பாதி நாள் ஆயிற்று. மேனேஜர் அவளைத் தனியே அழைத்து, "உங்கள யாரும் போகச் சொல்லல. வாடிக்கையாளர் கூப்பிடற ஃபோன எடுங்க. உங்களுக்குத்தான் முழுக் கையேடும் தலகீழ்ப் பாடமாச்சே," என்றார். அவரால் முடிந்த பெரிய மனசு அது.

அவள் ஃபோன் எடுத்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சொன்னதையே சொன்னாள். உள்ளுக்குள் அவள் ஒன்றுக்காகக் காத்திருந்தாள். அந்த எடிட்டர் ஒருநாள் கவிழும் என்று. மறுபடியும் ஒரு வரி விட்டுப்போகும், மறுபடியும் எங்கோ ஒரு குப்பி மாறும், அப்போது எல்லோரும் அவள் பக்கம் திரும்புவார்கள் என்று. தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அவளுக்கு உறைத்தது. குப்பி மாறுவது என்றால் ஊசி போட்டுக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அவள் காத்திருந்தது நடக்கவும் இல்லை. டேபிள் பயத்திலேயே ஒவ்வொரு பிரதியையும் மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து பார்த்தார். தவறுகள் வந்தன, சின்னச் சின்னதாக. யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள், திருத்தினார்கள். பக்கங்கள் அழகாக இருக்கின்றன என்று டாக்டர்கள் எழுதினார்கள். அவள் சொன்னது பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. உண்மை என்றும் நிரூபணமாகவில்லை. அந்த அறிக்கையை அதன்பின் யாரும் திறக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அழைப்புகளைப் பதிவு செய்ய ஒரு புதுத் திரை வந்தது. அதிலும் பெயரில்லாத பொத்தான்கள். பக்கத்து இருக்கைக்காரர் அவளுக்காகப் பதிவு செய்து கொடுத்தார். முதலில் சந்தோஷமாக, பிறகு பெருமூச்சோடு. வருஷக் கடைசியில் ஆள் குறைப்பு வந்தபோது அவள் பெயர் அதில் இருந்தது. கணவரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "சரி. வீட்டுக்கு வந்துடு," என்றார். பிறகு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார்.

கடைசி நாள் மழை பெய்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது வாசலில் டேபிள் குடையோடு நின்றிருந்தார். அவர் நகர்ந்தபோது செருப்புச் சத்தத்தில் அவள் கண்டுபிடித்தாள்.

"பஸ் நிறுத்தம்வரைக்கும் வரேன்," என்றார்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருட்ட ஆரம்பித்திருந்தது. தரையெல்லாம் வண்டிகளின் வெளிச்சம் சிதறிக் கிடந்தது. அப்படிச் சிதறினால் அவளுக்குத் தெரு எது, பள்ளம் எது என்று பிடிபடாது. இருவரும் நடந்தார்கள்.

"அந்த டெக்ஸ்ட் ஃபைல் விஷயம்," என்று டேபிள்தான் ஆரம்பித்தார். "எனக்கு அது மண்டையிலயே ஏறல கமா. நீங்க ஒரு தடவ சொல்லிக் குடுத்தீங்க. ரெண்டு பேரும் ஒரே வரிய மாத்தினா என்ன பண்ணணும்னு. தலய ஆட்டிட்டு வந்துட்டேன். ஒரு எழவும் புரியல. வீட்டுல உக்காந்து அழுதேன். அது வந்திருந்தா, ஒரு வருஷத்துல என்ன வெளிய அனுப்பியிருப்பாங்க."

மழை குடையில் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப உங்களுக்கும் சொந்த வசதி இருந்துச்சு," என்றாள் அவள்.

"இருந்துச்சு."

"உங்கள யாரும் கேக்கல."

"கேக்கல," என்றார். "நானும் சொல்லல."

சாலையைக் கடக்கும் இடம் வந்துவிட்டது. வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. அவர் நின்றார். அவளும் நின்றாள்.

"எம்மேல கோவம் இருக்கா?"

"இருக்கு," என்றாள். "இத்தன நாள் இல்லாத அளவுக்கு, இப்ப நெறயவே இருக்கு."

அவர் குடையை அவள் பக்கம் சாய்த்தார். வண்டிகள் நின்றன. அவர் பழக்கமில்லாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க என்னப் பிடிக்கக் கூடாது. நான்தான் உங்களப் பிடிக்கணும். முழங்கைய நீட்டுங்க. நீட்டிட்டு சாதாரணமா நடங்க."

அவர் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். அவள் பிடியைத் தளர்த்தவும் இல்லை, இறுக்கவும் இல்லை. இருவரும் தெருவைக் கடந்தார்கள்.

"படி," என்றார் அந்தப் பக்கம் போனதும். "ஒரு படி இருக்கு. மேல."

நிறுத்தத்தில் இரண்டு பஸ்கள் போயின. மூன்றாவதன் எண்ணை அவர் சத்தமாகப் படித்தார். அவள் ஏறி, கம்பியைப் பிடித்து, காலியாக இருந்த இருக்கையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது அவர் கையசைத்தாரா, நின்றாரா, போய்விட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்க முயலவும் இல்லை.

இறங்க வேண்டிய இடத்தில் கணவர் வேலை உடுப்போடு நனைந்துகொண்டு நின்றிருந்தார்.

"எப்படி வந்தே? யாரு ஏத்தி விட்டாங்க?"

"கூட வேல பாத்தவர்," என்றாள்.

"நல்ல மனுஷனா?"

அவள் அவர் முழங்கையைத் தேடிப் பிடித்தாள்.

"நடங்க, மழ வலுக்குது," என்றாள்.